வெங்காயத்தாள் பயிர்

நவம்பர் 9, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, ஆறு மணிக்குப் பால் வாங்கி, ஏழு மணிக்கு வெங்காயத்தாள் அரிந்தேன். அந்த வெற்றுக்குழலைப் பார்த்ததும், இன்று வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் புதுக்கோட்டைக் கண்மாய் நெல்வயல் 1957-ஆம் வருட மழை ஈரத்தோடு நினைவுக்கு வந்தது.

"தூர் எப்பிடி வெடிச்சிருக்கு பாத்தியா ஆத்தா, இந்த வருசம் ஒனக்குக் கஞ்சி இல்ல, சோறுதான்," என்றார் அப்பா என்னிடம்.

அம்மா ஒரு தூரைப் பிடுங்கினாள். வெங்காயத்தாள் போல வெளுத்த குழல். "ஆனைக்கொம்பன் பூச்சிங்க. இது கதிர் வைக்காது."

அந்தப் பூச்சியின் புழு குடியேறிய தூர், அதாவது நெல்லின் கிளைத்தண்டு, குழலாகிவிடும். பயிர் பதறிப் பக்கத்தில் புதுத்தூர் விடும், அதுவும் குழலாகும். அந்தப் பதற்றத்தைத்தான் அப்பா செழிப்பென்று நினைத்திருந்தார். அன்று முழுவதும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக, மாடுகளை அவிழ்த்து வயலுக்குள் மேயவிட்டார்.