கவ்விய வாய்

நாய் வளர்க்கிற ஆசை எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. பென்னாகரத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை என்று என் பிழைப்பு அது. ஒரு தடவை கால் ஒடிந்து கிடந்த ஒன்றுக்குச் சோறு வைத்துத் தொலைத்தேன், அவ்வளவுதான். தீவனக் கடை அக்கா நாய் வாங்கிக்குவாங்க என்று ஊர் பூராவும் பேச்சாகிவிட்டது. காலையில் கடை திறக்கப் போனால் ஷட்டர் பூட்டில் ஒரு நாயைக் கட்டிவிட்டுப் போயிருப்பான், எவனோ ஒரு புண்ணியவான்.

வருவதெல்லாம் வேட்டை நாய்கள். முயலுக்கும் பன்றிக்கும் ஓடவிடுவார்கள். அடிபட்டாலோ, வயசானாலோ, பாரஸ்ட்காரர்கள் கெடுபிடி பண்ணினாலோ, ரோட்டில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். நீள மூஞ்சி, ஒட்டின வயிறு, எண்ணிப் பார்க்கிற மாதிரி விலா எலும்பு. இதை எவன் கேட்பான்? "புசுபுசுன்னு வெள்ளையா ஏதாச்சும் இருந்தா குடுங்கக்கா" என்று வருவார்கள். நான் என்ன ஜவுளிக்கடையா வைத்திருக்கிறேன்?

என் வீட்டுக்காரர் இதற்கென்று ஒரே பழமொழி வைத்திருக்கிறார். "நாயை அடிப்பானேன், பீயைச் சுமப்பானேன்?"

"அடிச்சவன் எவனோய்யா. சுமக்கறது மட்டுந்தான் நானு" என்பேன்.

அந்தச் செவலைப் பெட்டையை அடித்தவன் யாரென்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். மலையடிவாரத்து ஊர்க்காரன். என் கடையில்தான் மாட்டுக்குத் தீவனம் வாங்குவான். வாங்கும்போதெல்லாம் அந்த நாயைப் பற்றிப் பீத்திக்கொள்வான்.

"முயலப் புடிச்சா கொல்லாதுங்க. பல்லு படாம கவ்விக்கிட்டு அப்படியே நிக்கும். நான் வந்து கொரல் குடுத்தாத்தான் வாயத் தொறக்கும். வேற எவன் அடிச்சாலும் உடாது. அடிக்க அடிக்க இன்னும் இறுக்கிப் புடிக்குங்க."

"எப்படிடா பழக்குன?"

"குட்டியிலயே முயல்தோலக் கவ்வ வெச்சங்க. நான் சொல்றதுக்கு முன்னால கீழ போட்டா புளிய விளாரால அடிதாங்க. அடியாத மாடு படியாதுங்களே." சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் ஆள் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் அவன் ஊர்ப்பக்கம் வேட்டைக்குப் போன இரண்டு பேரை பாரஸ்ட்காரர்கள் பிடித்தார்கள். அடுத்த வாரமே அந்தப் பெட்டை ஒகேனக்கல் ரோட்டு வளைவில் நின்றது. பைக் சத்தம் கேட்டால் எழுந்து ஓடிப் பார்க்கும், திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும். தூக்கிவந்து குளிப்பாட்டினபோது முதுகெல்லாம் கோடு கோடாகத் தழும்பு. போனைப் போட்டு அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். ரேஞ்சரிடம் சொல்லி உள்ளே தள்ளுகிறேனா இல்லையா பார் என்றேன்.

"அது என் நாயி இல்லீங்க" என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் கடைப்பக்கம் வருவதில்லை. என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதுமில்லை. நல்ல வேளை, சனியன் விட்டது என்று இருந்தேன்.

அந்த நாயை மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி வியாபாரி வாங்கிக்கொண்டார். ஊரெல்லையில் வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை, அதில் பெட்டி பெட்டியாகத் தக்காளி. "நாய் உங்களுக்கு ஆகுமா பாய்?" என்று நேராகவே கேட்டேன்.

"காவலுக்கும் வேட்டைக்கும் வெச்சிக்கலாங்க. வூட்டுக்குள்ள சேத்துக்க மாட்டோம், அவ்ளோதான். வெளிய ராஜா மாதிரி இருக்கும்" என்றார்.

ஆடு கோழி இருக்கிற வீட்டுக்கு வேட்டை நாய் தரமாட்டேன், அது என் கண்டிப்பு. அவர்கள் வீட்டில் இல்லை. பக்கத்து நிலத்துக்காரம்மாவிடம் ஆடு உண்டு, ஆனால் நடுவில் கம்பி வேலி. நாய்க்கோ கயிறு. சரி என்று விட்டேன்.

பத்து நாள் கழித்து, எப்பவும் போல, எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பாய் மண்டிக்குப் போயிருந்தார். பாயம்மா டீ போட்டுக் கொடுத்தாள். கொட்டகையில் பெட்டிகளுக்கு நடுவே அது படுத்திருந்தது. கொஞ்சம் சதை பிடித்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் தலையை மறுபடி கீழே வைத்துக்கொண்டது.

"கொலைக்கவே மாட்டேங்குதுக்கா. ஆனா ஒரு பய உள்ள கால் வெக்கறதில்ல" என்று பாயம்மா சிரித்தாள். எனக்கு மனசு குளிர்ந்தது. ஒரு வாய் டீதான் குடித்திருப்பேன்.

ஆட்டுக்குட்டி கத்தியது. ஒரே கத்தல், நெஞ்சைக் கிழிக்கிற மாதிரி.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினோம். வேலியில் அடிக்கம்பி தளர்ந்த இடத்தில் புகுந்து ஒரு குட்டி கொட்டகைக்கே வந்திருக்கிறது. பிறந்து ஒரு மாதம்கூட இருக்காது, வெள்ளையும் கருப்புமாக, அரைமுழம். செவலை அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. அசைவில்லை, உறுமலும் இல்லை. குட்டியின் பின்னங்கால் இரண்டும் காற்றில் உதைத்துக்கொண்டிருந்தன.

குட்டி செத்தால் நாயும் செத்தது. இந்த ஊரில் ஆட்டைக் கடித்த நாயை உயிரோடு விடமாட்டார்கள், விடச்சொல்லவும் எனக்கு வாயில்லை. இரண்டு உயிரும் அந்த ஒரு வாய்க்குள் இருந்தன.

"உடு! உடுடீ!" என்று கத்தினேன். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பியது. பாயம்மா "யா அல்லா, யா அல்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் வேலியைத் தாண்டி ஆட்டுக்காரம்மா வந்துவிட்டாள், மகனும் கூடவே. அவன் கையில் மண்வெட்டிக் காம்பு.

"ஐயோ என் குட்டி! தாயில்லாத குட்டிடா, புட்டிப்பால் குடுத்து வளத்தன்டா! அடிடா அந்த நாய!"

"அடிக்காதப்பா! அடிச்சா இன்னும் இறுக்கும்!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காம்பு நாயின் முதுகில் இறங்கிவிட்டது. நாய் கத்தவில்லை. குட்டிதான் கத்தியது. தாடை இறுகுவதை நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தோம்.

நடுவில் புகுந்து நின்றேன். "உன் குட்டியக் கொல்றது நாயில்ல, நீ அடிக்கிற அடிதான்! அதுக்கு அப்படிப் பழக்கம் பண்ணி வெச்சிருக்கான் ஒருத்தன். அவன் சொன்னாத்தான் உடும்."

"எவன்? எங்க இருக்கான்?" என்றாள் ஆட்டுக்காரம்மா.

எனக்கு நாக்கு கூசியது. யாரை இனி ஜென்மத்துக்கும் பார்க்கக்கூடாது என்று இருந்தேனோ, அவன் காலில் இப்போது விழவேண்டும். விழுந்தேன், வேறென்ன. என் போனில் அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை, கட்டையில போறவன். பாயம்மாவின் போனைப் பிடுங்கி அதிலிருந்து அடித்தேன். தெரியாத நம்பர். எடுத்தான்.

"அலோ, யாருங்க?"

"நான்தான்டா, தீவனக் கடை. வெச்சிராத, சாமி, வெச்சிராத! உன் நாய் ஆட்டுக்குட்டியக் கவ்விக்கிட்டு நிக்குது. உட மாட்டேங்குது."

"என்கிட்ட நாயே இல்லீங்களே" என்றான்.

அடப்பாவி. கன்னத்தில் ஒன்று விடலாம் போல் கை துடித்தது. குட்டியின் உதைப்பு குறைந்துகொண்டே வந்தது. இப்போது ஒரு கால்தான் ஆடியது.

"பாரஸ்ட்டுக்குச் சொல்ல மாட்டன்டா. யாருக்கும் சொல்ல மாட்டன். எங்க குலசாமி மேல சத்தியம். நான் பேசுனதெல்லாம் தப்புன்னே வெச்சுக்க. ஒரு கொரல் குடு, போதும்."

"பக்கத்துல யாருங்க இருக்காங்க?" பொறி வைக்கிறேன் என்று நினைத்துவிட்டான். நான் மிரட்டினது அப்படி.

ஆட்டுக்காரம்மா போனுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள். "ஏப்பா, நீ யாரோ எவரோ, எனக்கு வேணாம். என் குட்டி சாவுதுப்பா. உன் வூட்லயும் ஆடு மாடு இருக்குமில்ல?"

குட்டி அந்த நேரம் ஒரு சின்ன முனகல் விட்டது. அது அவனுக்கும் கேட்டிருக்கவேண்டும்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றான். அவன் குரலே மாறிவிட்டது. "போனத் தரையில வெச்சுட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்க. கையில கோல் வெச்சிருந்தா கீழ போடச் சொல்லுங்க."

ஆட்டுக்காரம்மா மகனைப் பார்த்தாள். அவன் போடவில்லை, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். நான் போனை நாய்க்கு முன்னால் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினேன்.

போனிலிருந்து நாக்கைத் தட்டுகிற சத்தம் வந்தது. அப்புறம் மெல்ல, குழந்தையிடம் கேட்கிற மாதிரி, "தா. தா சாமி. குடுத்துரு, தா."

செவலையின் காது இரண்டும் நிமிர்ந்தன. வால் ஆட ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையா ஆத்திரமா தெரியவில்லை. தோலை உரித்தவன் குரல் அது, அதற்குப் போய் வாலை ஆட்டுகிறதே! குட்டியைக் கவ்வினபடியே போனிடம் வந்தது, முகர்ந்தது, போனுக்குப் பின்னால் சுற்றிப் போய்ப் பார்த்தது. அவன் அங்கே இல்லை. மறுபடி முன்னால் வந்து நின்றது.

"குடுக்கலடா! உன்னத் தேடுது!"

"கை இல்லாம குடுக்காதுங்க. வாய்க்குக் கீழ யாராச்சும் ரெண்டு கையும் ஏந்துங்க. இழுக்காதீங்க. சும்மா ஏந்துங்க."

மண்டி போட்டேன். அந்தப் பல்லுக்குக் கீழே கொண்டுபோய் இரண்டு உள்ளங்கையையும் விரித்தேன். அதன் மூச்சு சூடாக என் மணிக்கட்டில் பட்டது.

"தா" என்றான் அவன்.

வாய் திறந்தது. குட்டி என் கையில் விழுந்தது. எச்சிலில் நனைந்து, தொளதொளவென்று, தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. போயிருச்சு என்றே நினைத்தேன். ஆட்டுக்காரம்மா பிடுங்கி மடியில் போட்டு மூக்கில் ஊதினாள், நெஞ்சைத் தேய்த்தாள். அது ஒரு தும்மல் தும்மியது. அப்புறம் கத்தியது. கழுத்தில் மகன் அடித்தபோது பதிந்த பல் தடம் மட்டும் இரண்டு பொட்டாக ரத்தம் கட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. அந்தம்மா அதன் மூஞ்சியிலேயே முத்தம் கொடுத்து அழுதாள்.

நாயை நாங்கள் மறந்துவிட்டோம். அது யாரும் கூப்பிடாமலே நடந்து, கயிறு எட்டுகிற மட்டும், மகன் நிற்கிற இடத்துக்குப் போனது. அவன் பின்னால் மறைத்த காம்பு அதற்குத் தெரிந்திருக்கிறது. அவன் காலடியில் நான்கு காலையும் பரப்பி, தாடையைத் தரையில் வைத்து, முதுகைக் காட்டிப் படுத்தது. கண்ணை மூடிக்கொண்டது.

மகன் காம்பைத் தூரத் தூக்கி எறிந்தான். அந்தச் சத்தத்துக்கு நாய் உடம்பு ஒரு முறை குலுங்கியது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

போதும் என்று கயிற்றை அவிழ்க்கப் போனேன். "நானே கூட்டிட்டுப் போயிடறேன் பாயம்மா. வேற எடம் பாத்துக்கறேன்."

பாயம்மா ஆட்டுக்காரம்மாவைப் பார்த்தாள். அந்தம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க கூட்டிட்டுப் போற? ஓட்ட வேலியிலதான இருக்குது, நாயிலயா இருக்குது? கட்டு அங்கயே" என்றாள்.

அப்போதுதான் தரையில் கிடந்த போன் பேசியது. அவன் இன்னும் வைக்கவில்லை.

"அக்கா. அத அடிச்சிராதீங்கக்கா. அடி வாங்குனா ரெண்டு நாளைக்குச் சோறு திங்காதுங்க. தண்ணிகூடக் குடிக்காது."

அவனுக்கென்று எத்தனை வசவு சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. ஆட்டுக்காரம்மா குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்து போனை எடுத்தாள்.

"அந்த ரெண்டு நாளும் நீ தின்னியாப்பா?" என்று கேட்டாள்.

அவன் போனை வைக்கவில்லை.