சூனியக்காரன் வேலைக்கு நான் லாயக்கில்லை

முந்நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு ஜெர்மன் சட்டப் பேராசிரியரைப் பற்றி அவனியாபுரத்தில் உட்கார்ந்து புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. லத்தீனில்தான் பாடம் நடத்தவேண்டும் என்றிருந்த காலத்தில் தாய்மொழியில் நடத்திய மனிதர். பெரியவர்களைப் பகைத்துக்கொண்டு, பிறந்த ஊரைவிட்டே வெளியேறியவர். சூனியக்காரி என்று பிடிபட்ட ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்து விசாரிக்கலாம் என்று முதலில் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். சக பேராசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். வெட்கப்பட்டு எல்லாவற்றையும் திரும்பப் படித்தார். பிறகு அப்படிப்பட்ட வழக்குகளே கூடாது என்று சண்டை போட்டார்.

அந்த அத்தியாயத்தில் இருக்கும்போதுதான் வாசலில் சத்தம். எதிர்வீட்டுக்காரரின் காளை பொங்கல் ஜல்லிக்கட்டில் ஓடாமல் நின்று, முதலில் பாய்ந்தவனிடமே பிடிபட்டுவிட்டது. கோடாங்கியிடம் குறி கேட்டிருக்கிறார்கள். வடக்குப் பார்த்த வாசல், தனியாக இருக்கும் பெண், செய்வினை என்று அவன் சொல்லியிருக்கிறான். அதாவது என் வீட்டு முன்பகுதியில் வாடகைக்கு இருந்து இட்லிக்கடை நடத்துகிறவர்.

எதிர்வீட்டுக்காரர் ஆட்களோடு வந்து நின்றார். "அண்ணே, அந்தம்மா கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணட்டும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க."

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். இட்லிக்கடைக்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்தார்.

"செய்யாததுக்கு நான் எதுக்கு அடிக்கணும்? மாடு ஓடலைன்னா மாட்டைக் கேளுங்க."

நான் குறுக்கே போனேன். "வடக்கு வாசல் என் வீடுதானே தம்பி? நான்தான் வச்சேன். உள்ள எம்புட்டு ஜெர்மன் புத்தகம் கெடக்குன்னு வந்து பாரு."

கூட்டம் சிரித்தது. "உங்களுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாதுண்ணே. நீங்களாவது, செய்வினையாவது!"

அவமானம்தான். ஆனாலும் விடவில்லை. "நானே ஒத்துக்கிட்டாலும் நம்ப மாட்டேங்கிற. அவங்க இல்லைன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்கிற. அவங்க சூடமும் அடிக்க மாட்டாங்க, காலியும் பண்ண மாட்டாங்க. வீட்டுக்காரன் சொல்றேன்." குரல் நடுங்கியது, கோபம் என்று நினைத்திருப்பார்கள்.

"சரி, எவன் அங்க இட்லி திங்கிறான்னு பாக்குறோம்."

மறுநாள் காலை கடை முன் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். வேறு ஆள் இல்லை. எதிர்வீட்டுக்காரர் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டே முறைத்தார். மூன்றோடு எழுந்துவிடுகிற நான் ஆறாவது இட்லி கேட்டேன்.

"போதும்ண்ணே. உங்களுக்கு ஏதாச்சும் ஆனா அதுக்கும் நான்தான்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். நீ சட்னி ஊத்தும்மா."