இமைகளை இருமுறை மூடித் திறக்கவும்

சரக்... சரக்... சரக். இருட்டின பிறகு ஹெட்போனில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தொழிலில் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

தொழில் இதுதான். செல்போனில் பணம் அனுப்புகிற உங்கள் கணக்கு திடீரென்று பூட்டிக்கொண்டால், வீடியோவில் ஒருத்தி வந்து "நீங்கள் நீங்கள்தானா?" என்று பார்ப்பாளே, அவள் நான். மந்தைவெளியில் இரண்டாவது மாடி. கேஸ் அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே என் ஆபீஸ். கணவருக்குக் கப்பலில் வேலை. வீட்டில் நான், ஒன்றேகால் வயது மகள், அப்புறம் என் பயம். மூவரில் அதிகம் சாப்பிடுவது மூன்றாவது ஆள்தான்.

நீங்களும் ஒரு நாள் என்னைத் திட்டியிருப்பீர்கள். பலித்துவிட்டது. போன வாரம் என் சொந்தக் கணக்கே பூட்டிக்கொண்டது. தன் கணக்கு பூட்டிக் கிடக்கிறவள் அடுத்தவர் கணக்கைத் திறக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. இன்றைக்குள் திறக்காவிட்டால் நாளை முதல் எனக்கு வேலை இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க இன்னொரு வேலையை யார் கொடுப்பார்கள்? ஆகவே, பூட்டப்பட்டோரே, இன்று நானும் உங்கள் ஜாதி. மகள் தூங்குகிறாள். பட்டதையெல்லாம் எழுதுகிறேன்.

சரக் சரக்

முதலில் அந்தச் சத்தம். திரை முழுக்கக் கறுப்பு. "ஹலோ, கேட்கிறதா?" என்றேன். பதிலுக்கு 'சரக்' மட்டும்தான். கத்தி தீட்டுகிறார்கள் என்று முடிவு செய்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அப்போது திரையில் வெளிச்சம் வந்தது. திரை கொள்ளாத அளவுக்கு ஒரு கண். வட்டமாக, ஈரமாக, இமையே இல்லாமல் என்னையே பார்த்தது. நான் போட்ட கூச்சலில் மகள் எழுந்து அழ, அந்தக் கண் அப்படியே சரிந்து விழுந்தது. வஞ்சிரம்.

நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் மீன் விற்கிற அக்கா அவர். போனை மீன்களுக்கு நடுவே சாய்த்து வைத்துவிட்டு, செதில் சுரண்டிக்கொண்டே அழைப்பை எடுத்திருக்கிறார். கடையில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டை வேலை செய்யாததால், வாங்க வந்தவர்கள் எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "தயவுகூர்ந்து தங்கள் இமைகளை இருமுறை மூடித் திறக்கவும்" என்று கம்பெனி எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். கான்வென்ட்டில் தமிழ் பேசினால் ஃபைன் கட்டிய எனக்கு, இப்போது இந்தத் தமிழைப் பேசத்தான் சம்பளம். அக்காவுக்குப் புரியவில்லை. மறுபடி வாசித்தேன். புரியவில்லை. பதற்றத்தில் சிமிட்டு என்கிற சொல் வாயில் வராமல், "கண்ணடிங்கக்கா, ரெண்டு தடவை" என்று சொல்லித் தொலைத்தேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா நீ, கண்ணடிக்கச் சொல்ற? கட்டிக்கினவனுக்கே நான் கண்ணடிச்சதில்ல, ஒன் கம்பெனிக்கு அடிக்கணுமா?"

அப்பாவைக் கூப்பிடுங்கள்

மயிலாப்பூரில் ஒரு மாமா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பெயர் வெ. ராமசேஷன். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தால் போதும். ஆனால் எங்கள் செயலி 'குடும்பப் பெயர்' கேட்கும். காலியாக விட்டால் விடாது. பேரன் யோசித்துப் பார்த்து, அந்தக் கட்டத்தில் மாமாவின் அப்பா பெயரைப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து எங்கள் சிஸ்டத்துக்கு அவர் திரு. வெங்கட்ராமன். பெயர் பொருந்தவில்லை என்று கணக்கைப் பூட்டியும் விட்டது.

"வணக்கம், திரு. வெங்கட்ராமன் அவர்களே" என்று ஆரம்பித்தேன். திரையில் வருகிற பெயரைத்தான் சொல்ல வேண்டும். எல்லாம் ரெக்கார்டு ஆகிறது.

"வெங்கட்ராமன் எங்கப்பாம்மா."

"அவரை வீடியோவில் வரச் சொல்ல முடியுமா, சார்?" அடுத்த வரி அதுதான். என் வாய் அதையும் கேட்டுவிட்டது.

மாமா எழுந்து, போனைக் கூடத்துச் சுவருக்குக் கொண்டுபோனார். சந்தன மாலைக்கு நடுவே தலைப்பாகையோடு ஒரு பெரியவர். உடனே எங்கள் சிஸ்டம் அவர் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டது. 'முகம் கிடைத்தது. இமைகளை இருமுறை மூடித் திறக்கவும்' என்று காத்திருந்தது. மாமாவும் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன் என்பதுதான் கேவலம்.

"அவர் கண்ணைச் சிமிட்டினார்னு வெச்சுக்கோ, ஆத்துல ஒருத்தர் பாக்கியில்லாம தெருவுல ஓடிண்டிருப்போம். அப்பறம் இந்தக் கணக்கை யாரும்மா திறக்கறது?"

வேறு முகங்கள் தெரிகின்றன

தி. நகரில் சுடிதார் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர். சரிபார்க்கும்போது திரையில் ஒரு முகம்தான் இருக்க வேண்டும். அவர் கடையிலோ வாசல்வரை பொம்மைகள், ஒவ்வொன்றும் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு. 'வேறு முகங்கள் தெரிகின்றன' என்று சிஸ்டம் துண்டித்துக்கொண்டே இருந்தது. கடையை விட்டு வெளியே போங்கள் என்றேன். வெளியே தீபாவளிக் கூட்டம், இன்னும் நூறு முகம். கடைசியில் எல்லாப் பொம்மைகளையும் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். கான்வென்ட் சிஸ்டர்கள் வகுப்பில் எங்களை நிறுத்துவார்களே, அதே வரிசை. ட்ரயல் ரூம் கண்ணாடியில் அத்தனை முகமும் திரும்பத் தெரிந்தது.

"மேடம், இதுங்கள சுவத்தப் பாத்து நிக்க வெச்சதுலேர்ந்து, உள்ள வர்ற கஸ்டமரெல்லாம் 'சாரி பாய்'னு சொல்லிட்டு வெளிய போயிடறாங்க."

அது நான் இல்லை

இனி என் கதை. மகளுக்குக் காய்ச்சல் என்று அடையாறில் டாக்டரிடம் போயிருந்தேன். மருந்துக் கடையில் பணம் கட்டினேன். ஆட்டோவில் வீடு திரும்பும்போது செய்தி வந்தது: 'அடையாறிலிருந்து உங்கள் கணக்கு பயன்படுத்தப்பட்டுள்ளது. அது நீங்களா?' வண்டி அப்போது மந்தைவெளிக்குள் நுழைந்துவிட்டது. நான் மந்தைவெளியில் இருக்கிறேன், அடையாறில் யார்? மோசடி பற்றி வாரம் ஒரு வகுப்பு எங்களுக்கு உண்டு; அதில் நான்தான் முதல் மார்க். 'இல்லை, அது நான் இல்லை' என்று அழுத்தினேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது. உறுதியாக அழுத்தினேன். மகளின் மருந்துப் பையைப் பார்த்த பிறகுதான் அடையாறில் இருந்தது யார் என்று ஞாபகம் வந்தது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, சார், அது நான்தான் சார் என்று அழாத குறையாகச் சொன்னேன். தினமும் என்னோடு பேசுகிறவர். என் குரல் தெரியும், பின்னால் அழுகிற மகளின் குரலும் தெரியும். கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து முகவரியைச் சரிபார்த்தால்தான் உண்டு, வெள்ளிக்கிழமை வரை டைம் என்றார்.

"நீங்களே நீங்க இல்லைன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. இப்ப வந்து நான்தான்னா, ரெண்டு பேர்ல நான் யாரைம்மா நம்பறது?"

வாசலில் ஒருவர்

இன்று அந்த வெள்ளிக்கிழமை. இதுவரை எழுதியிருந்தபோது, விளக்கு வைத்து நெடுநேரம் கழித்து, அழைப்புமணி அடித்தது. கதவிலிருக்கும் ஓட்டை வழியாகப் பார்த்தேன்: ஹெல்மெட்டும் தோள்பையுமாக, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர்.

"அட்ரஸ் வெரிஃபிகேஷன் மேடம். கதவத் தொறங்க."

"உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள்."

காட்டினார். அட்டையில் மீசை இருந்தது, ஆளுக்கு இல்லை. "பழனிக்கு முடி எறக்கினேன் மேடம், இதுவும் கூடப் போச்சு" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னேன். மொட்டை. நம்பலாம் போலத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்குப் பழனி தெரியுமா? விளக்குக்குக் கீழே நில்லுங்கள், இடது பக்கம் திரும்புங்கள், வலது பக்கம், இமைகளை இருமுறை மூடித் திறக்கவும். மனுஷன் எல்லாவற்றையும் செய்தார். குப்பைப் பையோடு இறங்கி வந்த மூன்றாவது மாடி மாமி, பார்த்துவிட்டுத் திரும்ப மேலேயே போய்விட்டாள்.

அடுத்தது அவருடைய முறை. கதவு எண் தெரிய, நான் வாசலுக்கு வெளியே நின்று படம் எடுக்க வேண்டுமாம். முடியாது என்றேன். உள்ளே குழந்தை தூங்குகிறாள், வீட்டில் வேறு யாரும் இல்லை என்று சொல்ல வந்து, அதைச் சொல்லலாமா என்று பாதியில் நிறுத்திக்கொண்டேன். சங்கிலி போட்டுக் கதவை விரல்கடை திறந்தேன். பாதி முகத்தைச் சிஸ்டம் ஏற்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, போனை கேமராவோடு எதிர்ச்சுவர் மீட்டர் பெட்டிமேல் சாய்த்து வைத்தார். படிக்கட்டில் இறங்கி, முதல் மாடித் திருப்பத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "இப்ப வாங்க மேடம்" என்றார்.

வந்தேன். ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, நைட்டியின்மேல் துப்பட்டாவோடு, கேமராவைப் பார்த்து நின்றேன். 'இமைகளை மூடித் திறக்கவும்.' மூட முடியவில்லை. கண்ணை மூடுகிற அந்த நொடியில் அவர் மேலே ஏறிவிட்டால்? 'மீண்டும் முயலவும்.' மீண்டும். 'இது கடைசி வாய்ப்பு.' கீழே அவர் நின்ற இடத்திலேயே, திரும்பாமல், ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இந்த வேலை போனால் என் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணை இறுக்கி மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன், திறந்தேன். பச்சை டிக் விழுந்தது. நான் நான்தான்.

அவர் போனைப் படிக்கட்டின் மேல்படியில் வைத்துவிட்டு ஓடி உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அவர் ஏறி வந்து எடுத்துக்கொண்டார், ஆனால் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"தாப்பா போடுங்க மேடம், சத்தம் கேட்டாத்தான் நான் எறங்குவேன். வீட்ல ஆள் கீதுன்னு எழுதறதுக்கு அத்தவிட இன்னா ப்ரூஃப் வோணும்?"

நான் யாரென்று ஒரு வார்த்தை கேட்காமல், சொன்னவுடன் பூட்டிக்கொள்கிற ஒரே பாதுகாப்பு ஏற்பாடு என்ற மரியாதையோடு, அந்தத் தாழ்ப்பாளை உள்பக்கம் தள்ளினேன்.