‘ஃபேமிலி’ என்றொரு கட்டம்

டிஸ்பென்சரி திறந்த மூன்றாம் நாள் நான் ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பினேன். விதிப்படிதான் அனுப்பினேன். விதியை எழுதியவனும் நானே.

எண்பதுகளில் மூக்கண்டப்பள்ளியில் ஒரு பட்டறையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். சுற்றிலும் சின்னப் பட்டறைகள். ஆள் குறைவென்பதால் அரசாங்கக் காப்பீடு கிடையாது. முதலாளிகள் கூடி, பொதுவில் ஒரு டாக்டரும் மருந்தும் வைக்க முடிவு செய்தார்கள்.

“நீதான் நல்லா டிராஃப்ட் எழுதுவியேப்பா, கம்மி செலவுல ஒரு திட்டம் போட்டுக் குடு” என்றார் என் முதலாளி. நாட்டுக்கே திட்டம் போடச் சொன்னாலும் போட்டிருப்பேன், அப்படிப்பட்ட வயசு.

ஒரு தாளில் படிவம் அடித்தேன். பெயர், வயது, பட்டறையில் ஆளுக்குக் கொடுத்த டிக்கெட் நம்பர், ஃபேமிலி. திரும்பி வந்ததில் ஃபேமிலிக்கு நேரே பெரும்பாலும் ஒரே ஒரு பெயர். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் இங்கே நன்றாக வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகாதவர்கள் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். பாகங்களைப் பூட்டும் அசெம்பிளி பிரிவில் இருந்த ஒரு பெண் ‘நான்தான்’ என்று எழுதியிருந்தாள். குறும்பு என்று அதையும் ஒதுக்கிவிட்டேன். அந்தக் கணக்குக்கு அரை நாள் டாக்டரே போதும் என்று வந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

2

மூன்றாம் நாள் லேத் ஆபரேட்டர் முனிராஜ் தன் இரண்டு வயசு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூச்சிழுப்பு வெளியே கேட்டது. டாக்டரம்மா இன்னும் வரவில்லை. படிவத்தில் வந்த பெயர்களைத்தான் கார்டில் ஏற்றியிருந்தேன்; கார்டில் பெயர் இருந்தால்தான் டோக்கன். அதைக் கொடுக்க நான் உட்கார்ந்திருந்தேன்.

“கார்டுல பாப்பா பேர் இல்லையே, முனிராஜ்.”

“நீங்க கேக்கவே இல்லீங்களே சார்.”

“ஃபேமிலின்னு கேட்டிருக்கே.”

“எழுதிக் குடுத்துக்கிறனே சார். லட்சுமம்மா.”

“அது உன் சம்சாரம். குழந்தை பேரை ஏன் விட்டே?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குழந்தையைப் போர்த்திக்கொண்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். உட்காரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டாக்டரம்மா மதுரைக்காரர். வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“உங்க ஆளுங்க லீவ் லெட்டர் எதாவது இருக்கா? எடுங்க” என்றார்.

டைம் ஆபீஸிலிருந்து எடுத்து வந்தேன். ‘என் ஃபேமிலிக்குப் பிரசவம், மூன்று நாள் விடுப்பு.’

“பிரசவம் குடும்பம் முழுசுக்குமா சார் ஆகுது?”

போன மாதம் நானே ‘ஃபேமிலிக்கு உடம்பு சரியில்லை’ என்றுதான் லீவு போட்டிருந்தேன். வாயில் மனைவியாக இருந்த சொல்லைத் தாளில் குடும்பமாக்கிவிட்டேன். ‘நான்தான்’ என்று எழுதிய பெண் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

ஷிஃப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட்டிருந்தார்கள்; குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்றாராம் அங்கிருந்த டாக்டர். முனிராஜ் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “வாங்க சார்” என்று சொல்லி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். வெட்கமாக இருந்தது.

3

புதுப் படிவத்தில் ஒரே கேள்வி வைத்தேன்: ‘உங்கள் வீட்டு அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் யார் யார்?’ அம்மா, அப்பா, பிள்ளைகள், கூட இருக்கும் விதவை அக்கா என்று பெயர்கள் வந்து விழுந்தன.

“இத்தனை பேருக்குக் கட்டாதுப்பா” என்றார் முதலாளி.

“புள்ளைக்கு மூச்சிழுக்கும்போது லேத்துல நிக்கிறவன் கை பத்திரமா இருக்காது சார்” என்றேன். டாக்டரம்மா விலை அதிகமான டானிக்குகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அவசியமான மருந்துகளை மட்டும் மொத்தமாக வாங்கச் சொன்னார். ஒருவழியாகச் செலவு கட்டுப்படியாயிற்று.

ஒரு வாரத்தில் முனிராஜ் வேலைக்கு வந்தார். புதுப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன். வாங்கவில்லை.

“நீங்களே எழுதிக்குங்க சார். நான் எழுதினா உங்களுக்கு வேற அர்த்தம் ஆயிடுது.”

கோபமில்லாமல்தான் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் மகள் பெயரைச் சொன்னார்.

மலிவான மருத்துவத்துக்குத் திட்டம் போடும் தம்பிகளே, தங்கைகளே, கணக்கு போடுமுன் உங்கள் படிவத்தை நிரப்பப் போகிறவரிடம் வாசித்துக் காட்டி, அவருக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள். நான் கேட்காததற்கு ஒரு குழந்தை மூச்சிழுத்துக்கொண்டு பஸ்ஸில் போனது.