மவுத்துக்கு முந்திச் சொன்ன கடன்

ஜனாஸாத் தொழுகைக்கு ஸப்பில் மற்றவர்களோடு வரிசையாக நின்றுகொண்டு, மவுத்தானவருக்காகத் துஆக் கேட்காமல், என் கடனை நினைத்து வியர்த்தவன் நான். அந்தப் பயத்திலிருந்து அல்லாஹ் என்னை எப்படி வெளியே எடுத்தான் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன், சகோதரர்களே, சகோதரிகளே.

ஸாலிஹ் என் கூட்டாளி. காலையில் மதுரங்குளிச் சந்தியில் என்னோடு பிளேன்டி குடித்த மனிதர் பின்நேரம் அஸருக்கு ஜனாஸாவாகச் சந்தூக்குப் பெட்டியில் கிடந்தார். தொழவைக்க முந்தி அவருடைய மூத்த மகன் எழும்பி நின்று, எங்கள் பக்கத்து ஜனாஸாக்களில் சொல்வதைச் சொன்னார்: “வாப்பா யாருக்கும் கடன் குடுக்க இருந்தா எங்கக்கிட்ட வந்து சொல்லுங்க. நாங்க பொறுப்பு. வாப்பாவுக்குத் தர இருக்கிறவங்களும் வந்து கதைங்க.”

கடன் என்று சொல்லி ஒருவரும் வரவில்லை. ஸாலிஹுக்குக் கடன் இல்லை. எனக்கு இருந்தது. எனக்கு ஆண் பிள்ளையும் இல்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கனமூலையில் எரு வியாபாரி என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தலையில் கூடை சுமந்து மாட்டெரு விற்றேன். பிறகு கைவண்டி. பிறகு லேண்ட்மாஸ்டர் ட்ரக்டர். பிறகு சொந்த லொறி. கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் விளைகிறது என்றால் அதில் பாதி என்னுடைய எருவால்தான். சும்மா சொல்லவில்லை, குறிஞ்சிப்பிட்டியில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரு வாப்பாவின் சொத்தும் எனக்கு வரவில்லை. எல்லாம் இந்தக் கையால் சம்பாதித்தது.

நான் வீடு கட்டியது நாட்டில் சண்டை முடிந்த காலம். ரோட்டெல்லாம் கார்ப்பட் தார் போட்டார்கள். வங்கிக்காரர்கள் வீடு தேடி வந்து கடன் தருகிறோம் என்றார்கள். ஊரில் எல்லாரும் கட்டினார்கள். நான் அவர்களைவிட ஒரு தட்டு கூடவே கட்டினேன். மேல் வீடு, மாபிள் போட்ட விறாந்தை, தேக்குக் கதவு. வீட்டு உறுதிப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்தேன். பன்னிரண்டு வருடத் தவணை. வட்டி என்று தெரியும், மார்க்கத்தில் அது ஹராம் என்றும் தெரியும். இரண்டு போகத்தில் கட்டி முடித்துவிடலாம் என்று ஷைத்தான் காதில் சொன்னான். ஊருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கைச் சல்லியில் கடன் படாமல் கட்டிய வீடு என்றே எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன்.

ஸாலிஹின் ஜனாஸாவுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. லொறியை ஓட்டும்போது எதிரே பஸ் வந்தால் பயம். இருமல் வந்தால் பயம். நான் போய்விட்டால் உறுதி வங்கியில். வீடு மூன்று பெண் பிள்ளைகளுக்கும் இல்லை. என் ரூஹோ, இந்த ஆத்மா, கடன் அடையும்வரை தொங்கும். சுபஹ் தொழுகையில் ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்துக் கிடந்து ஒரே துஆவைக் கேட்டேன்: “யா அல்லாஹ், கடனோட என்ன எடுத்துராதே.”

தவணை முடியும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. முந்தியே கட்டி முடிக்க வேண்டும். வங்கியில் கேட்டேன். மாதத் தவணைக்கு மேலே கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் முதல் தொகையில் குறையும், வட்டியும் குறையும் என்று சொன்னார்கள். என் மனைவி நஸீமா வீட்டுச் செலவை இறுக்கினாள். இறைச்சி நின்றது. பாணும் சம்பலும், வேலியில் நிற்கும் முருங்கை இலையும், மலிந்த நாளில் சூடை மீனும். பால் டீ போய் பிளேன்டி வந்தது. ஆனால் கேற்றடியில் ஸலாம் கேட்டால் போதும், நஸீமா சம்பல் கோப்பையை உள்ளே எடுத்து மூடிவிட்டு, வந்தவர்களுக்குக் கேக்கும் பிஸ்கற்றும் வைப்பாள். பெரிய வீடல்லவா! ஒரு கிழமை முழுக்க மிச்சம் பிடித்தது ஒரு விருந்தாளியோடு போய்விடும்.

எனக்கு வர வேண்டிய சல்லி கொஞ்சமா? எருவைக் கடனுக்கு இறக்குவேன், அறுவடைக்குத் தருவார்கள். அதுதான் எங்கள் தொழில். நான் ஒன்றும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் தலைக்குள் இருக்கும். ஆனால் அறுவடைக்குப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

“ஒங்களுக்கென்ன மொதலாளி, மாபிள்ல நடக்கிற மனிசன். அடுத்த போகம் பாப்பமே.”

நானும் சிரித்துவிட்டு வருவேன். வற்புறுத்திக் கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று இருந்தேன்.

ஒரு நாள் எரு இறக்கிக்கொண்டு நின்றவனுக்கு நெஞ்சு பிடித்தது. புத்தளம் ஆஸ்பத்திரியில் டாக்டர், இது இருதயம், பாரம் தூக்க வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தேன். நஸீமா பக்கத்தில் வந்து நின்றாள்.

“இஞ்ச பாருங்க. துஆக் கேக்கிறீங்க, நல்லம். அல்லாஹ் அத யார்ட கையால தருவான்? வானத்தால விழுமா? ஒங்களுக்குக் கடன் ஈக்கிதெண்டு ஊர்ல ஒரு குருவிக்கும் தெரியாதே.”

“சொன்னா மானம் போகும்.”

“மானத்தக் கொண்டு போய்த் தவண கட்ட ஏலுமா? நீங்க கண்ண மூடினா எங்கட ஊட்டுல எழும்பி நிண்டு சொல்ல யாரு ஈக்கிறா? மூணும் பொம்புளப் புள்ள.”

அவள் அழுதாள். எனக்கு ரோஷம் வந்தது. என் காரியத்தை எந்தக் காலத்தில் அடுத்தவன் செய்தான்?

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகை முடிந்ததும், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுகிற மௌலவியிடம் மைக்கைக் கேட்டேன்.

“மௌலவி, ஒரு ஜனாஸா அறிவிப்பு ஈக்கிது.”

“இன்னாலில்லாஹி! யாருட, நானா?”

“என்ட.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மைக்கைத் தந்தார்.

“நான் மவுத்தானா இதச் சொல்ல எனக்கு மகன் இல்ல. அதனால உசிரோட நானே சொல்றன். என்ட ஊடு பேங்க்ல ஈட்டுல ஈக்கிது. நான் கடன்காரன். எனக்குத் தர இருக்கிறவங்க கபுரடிக்கு வந்து தர ஏலா. இப்பவே தாங்க.”

எழும்பிப் போக இருந்தவர்களும் திரும்ப உட்கார்ந்தார்கள். பின் ஸப்பிலிருந்து ஒருவன் கத்தினான், மவுத்து வீட்டில் ஓதிப் போடுகிற சோற்றைக் கேட்டு: “அப்ப கத்தச் சோறு எப்ப நானா?”

“நீ எருவுக்குத் தர இருக்கிறதத் தா, நாளைக்கே ஆக்குவம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். செருப்பைத்தான் இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தேன்.

உதவி உடனே வந்தது என்று சொன்னால் பொய். முதலில் வந்தது கஷ்டம். கோழி எரு தருகிற பண்ணைக்காரர், இனிமேல் கைச் சல்லி வைத்தால்தான் எரு என்றார். இரண்டாவது மகளுக்குப் பேசியிருந்த இடம் சத்தமில்லாமல் விலகியது. மகள் வழக்கம்போல எனக்குப் பிளேன்டி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “யா அல்லாஹ், வாயத் திறந்து நானே என்ட புள்ளட வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டேனா?” என்று கேட்டு அழுதேன். எழுபதை எட்டிக்கொண்டிருந்த மனிசன், விக்கி விக்கி அழுதேன்.

அப்போதுதான் சூசை வந்தார். கற்பிட்டிப் பக்கத்து வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், வெங்காயம் செய்கிறவர். பள்ளிக்கு வராத மனிதருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பஸ்ஸில் கேள்விப்பட்டாராம். எங்கள் ஊர்க் கதை பஸ்ஸைவிட வேகமாகப் போகும். மடியிலிருந்து சல்லியை எடுத்து நீட்டினார். மூன்று போகத்துக் கடன்.

“என்ன மொதலாளி நீங்க? நீங்களும் கடன்காரன் எண்டு தெரிஞ்சிருந்தா எப்பவோ தந்திருப்பனே. வசதியான மனிசன், ஆறுதலாக் குடுப்பம் எண்டெல்லோ நினைச்சன்.”

அந்தச் சொல் என்னை அடித்துப் போட்டது. அவ்வளவு காலமும் நான் கேட்ட துஆவுக்குப் பதில் அந்த ஆட்களின் மடியில் இருந்திருக்கிறது. அதற்குக் குறுக்கே என் மேல் வீடு நின்றிருக்கிறது.

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் பாதி தந்தார்கள். சிலர் சல்லிக்குப் பதிலாக வெங்காய மூட்டை தந்தார்கள், நஸீமா அதை விற்றாள். கத்தச் சோறு கேட்ட பொடியனும் வந்தான், தலையைச் சொறிந்துகொண்டு. வராதவர்களும் உண்டு. அவர்களை அல்லாஹ்விடம் விட்டுவிட்டேன், ஆனால் மறக்கவில்லை.

மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு வீட்டுச் செலவும் லேசாகிவிட்டது. மேல் வீட்டை ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். தேக்குக் கதவால் அவர்கள் போய் வர, நாங்கள் குசினிப் பக்கத்தால் போய் வந்தோம். விருந்தாளி வந்தால் நஸீமா பிளேன்டியும் பனங்கட்டித் துண்டும் வைப்பாள். அதைக் குடித்துவிட்டுத்தான் எல்லாரும் போனார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாடகையும் மிச்சமும் பழைய கடனும் சேர்ந்து ஒவ்வொரு மாதமும் தவணைக்கு மேலே வங்கிக்குப் போனது.

கடைசிச் சல்லியைக் கட்டப் போன நாளில் வங்கிப் பிள்ளை கேட்டது, “அங்கிள், இன்னும் அஞ்சு வருசம் இருக்கே, என்ன அவசரம்?” நான் சொன்னேன், “மகள், வருசம் ஒங்கட கையில ஈக்கிது. என்ட கையில இல்ல.”

அல்ஹம்துலில்லாஹ். உறுதியை மூன்று மகள்மாரின் பெயரிலும் எழுதிவிட்டேன். இரண்டாவது மகளுக்கு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே கேட்டது, “பள்ளியில மைக் புடிச்சது நீங்கதானா?” ஓம் என்றேன். “அந்த மனிசன்ட புள்ளதான் வேணும்” என்றார்கள். இந்த ஊரில் வேறு யாருக்காவது அப்படிச் சொன்னார்களா? இல்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் ஒருவர் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே எரிந்துகொண்டிருக்கலாம். எனக்குத் தெரியும், அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. துஆக் கேளுங்கள். விடாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு எழும்பி வந்து மனிதர்களிடமும் வாயைத் திறங்கள். அல்லாஹ் அவர்களின் கையால்தான் தருகிறான். உங்கள் கஷ்டத்தை மறைத்தால் அந்தக் கைகளுக்கு எப்படித் தெரியும்?

நெஞ்சு வலி எனக்கு இன்னும் போகவில்லை. கடைசி நேரத்தில் நாக்கில் வர வேண்டியது கலிமா. ஆனால் முன்பெல்லாம் வலி பிடித்தால் எத்தனை தவணை மிச்சம் என்பதுதான் வரும். போன கிழமையும் பிடித்தது. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். கலிமாவைத் தவிர வேறொன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.