நான்காவது மாடியிலிருந்து இறங்கிய சனிக்கிழமை

இனிப்பு நீர் வியாதி முதலில் என் இடது காலை எடுத்தது. முட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லை. செயற்கைக் கால் போட்டுப் பார்த்தோம், புண்ணாகிவிட்டது. ஒரு வருஷம் கழித்துக் கிட்னியும் போனது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மிஷினில் நாலு மணி நேரம். போகாவிட்டால் உடம்பில் தண்ணீர் ஏறும். மூச்சு முட்டும். அப்புறம் அவ்வளவுதான்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். படிக்கட்டைத்தான் தாங்க முடியவில்லை.

நாங்கள் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் பிளாட்டில் இருக்கிறோம். வீடு நான்காவது மாடி. லிப்ட் கிடையாது. கட்டும்போதே வைக்கவில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் லோரிக்குச் சரக்கு ஏற்றி இறக்கியவன் நான். கடைசியில் என்னை ஏற்றி இறக்க ஆள் வேண்டியதாகிவிட்டது.

என் மனைவி செல்வியின் தம்பி ராபர்ட் பக்கத்து புளோக்கில் இருக்கிறான். அவன்தான் என்னை முதுகில் சுமந்து இறக்குவான். நான் எண்பத்து நாலு கிலோ. அவன் அறுபது இருப்பான். இறங்கும்போது அவன் பேச மாட்டான். நானும் பேச மாட்டேன். ஒவ்வொரு மாடியிலும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. அதுவே நல்லது என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம், கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை ராபர்ட் வேலை செய்த இடத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆறு மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செவ்வாய் நான் டயாலிசிஸ் போகவில்லை. வியாழன் செல்வி எங்கிருந்தோ இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். நல்ல மனுஷர்கள். ஆனால் பழக்கம் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருவர் கை வழுக்கியது. விழுந்தேன். வெட்டிய கால் தரையில் இடித்தது. கத்திவிட்டேன். என் ஆயுசில் அப்படிக் கத்தியதில்லை. திரும்ப மேலே கொண்டுபோகச் சொன்னேன்.

செல்வி ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்றாள்.

“இன்னைக்கு வருவான். செவ்வாய்க்கிழமையும் வருவானா? வியாழக்கிழமையும் வருவானா?” என்றேன்.

ஒரு வருஷமாக எனக்கு ஒரே ஜெபம்தான். கர்த்தாவே, கீழ் வீடு ஒன்று தாரும். வீடு மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். பதில் வரவில்லை. அன்றைக்கு ஜெபத்தில் இன்னொன்றைச் சேர்த்தேன். கீழ் வீடு தாரும், இல்லையென்றால் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளும். செல்வி காதில் விழுந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளி. சாயங்காலம் சபையிலிருந்து வீட்டு ஜெபக்குழு வந்தது. பன்னிரண்டு பேர். நாலு மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். பாடினார்கள். பிரதர், ஜெபக் குறிப்பு என்ன என்று கேட்டார்கள். “சுகம் வேணும்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. செல்வி என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று தலையை ஆட்டினேன். அவர்கள் உருக்கமாக ஜெபித்தார்கள். கறிபாப் பலகாரம் சாப்பிட்டு டீ குடித்தார்கள். இறங்கிப் போனார்கள். அவர்கள் காலடிச் சத்தம் கீழ் வரைக்கும் எனக்குக் கேட்டது.

செல்விக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

“பன்னெண்டு பேருங்க! பன்னெண்டு பேரு மேல வந்துட்டு கீழ போயிட்டாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“அவங்களப் போயி என்னைத் தூக்கச் சொல்லவா?”

“பின்ன யாரு தூக்குவா?”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கதவு தட்டும் சத்தம். எங்கள் சபை வாலிபர் குழு. ஏழு பேர். கையில் பெயிண்ட் டின், பிரஷ், பழைய பேப்பர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்பு மூன்று வீடுகளுக்கு அவர்களே பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். இந்தத் தடவை எங்கள் வீட்டையும் போதகர் சேர்த்திருந்தார். நானும் செல்வியும் அதை மறந்தே போயிருந்தோம்.

“ஸ்தோத்திரம் அங்கிள்! பச்சை கலர் ஓகேவா?” என்றபடி உள்ளே வந்தது ஷாலினி. அந்தக் குழுவுக்குத் தலைவி. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆள் சிறியவள், குரல் பெரியது. பின்னால் டேனியல். ஜிம்முக்குப் போகிற பையன், கதவை அடைத்துக்கொண்டு வருவான்.

பதினொரு மணிக்கு என் டயாலிசிஸ் முறை. எனக்குத் தெரியும். செல்விக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. என் முகம் வீங்கியிருந்தது. பேசினால் மூச்சு வாங்கியது. ஹாலில் என் மரநாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“அங்கிள், இந்தச் சுவரு அடிக்கணும், கொஞ்சம் நகர்த்திக்கிறோம்.”

நான் சரி என்று சொல்வதற்குள் டேனியலும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியை என்னோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். ஜன்னல் பக்கம் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் ஜன்னல் பக்கச் சுவருக்கு வந்தார்கள். மறுபடியும் தூக்கினார்கள். கதவுப் பக்கம் வைத்தார்கள். கதவுப் பக்கமும் வந்தது. மூன்றாவது தடவையும் தூக்கினார்கள்.

இதில் அவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை.

“நேத்து உன் ஷாட் அவுட்டு லா!”

“எது அவுட்டு? கோட்டுல பட்டுச்சு. கண்ணாடி போட்டுட்டு வா லா.”

“டேய், அங்கிள வெச்சிட்டு சண்ட போடுங்கடா” என்று ஷாலினி கத்தினாள்.

நான் அந்தரத்தில் இருந்தேன். அவர்கள் பேட்மின்டன் சண்டையில் இருந்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாற்காலி ஆடவில்லை. எனக்குப் பயமும் இல்லை.

செல்வி டீத் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றாள். அவளும் பார்த்துவிட்டாள். தட்டைக் கீழே வைத்தாள்.

“ஏம்பா டேனியல், இவரு கனக்குறாரா?”

“இல்ல ஆன்டி. உங்க சோபாதான் கனம்.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் சொல்லப் போவதில்லை, நான்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. துறைமுகத்தில் எத்தனையோ பாரம் தூக்கியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

“எனக்குப் பதினொரு மணிக்கு டயாலிசிஸ். போன சனிக்கிழமைக்கு அப்புறம் போகல. இறங்க முடியல. என்னைத் தூக்கி இறக்குவீங்களா?”

ஷாலினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது.

“எல்லாரும் பிரஷ்ஷ வைங்க! வேன் சாவி யார்கிட்ட?”

வாசிக்கிற சகோதரரே, அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது! செல்வி என் கைலியால் என்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். பின்னால் டேனியலும் இன்னொருவனும். முன்னால் இரண்டு பேர். ஷாலினி எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினாள். ஒவ்வொரு படியாக எண்ணினாள். இன்னும் நாலு, மூணு, ரெண்டு, திரும்பு! மற்ற இரண்டு பேர் முன்னால் ஓடி வழியில் இருந்த சைக்கிள், பூந்தொட்டி எல்லாவற்றையும் ஒதுக்கினார்கள்.

இரண்டாவது மாடித் திருப்பம் வந்தது. நான் விழுந்த இடம். “நிறுத்துங்க” என்றேன். நிறுத்தினார்கள். இறக்கி வைக்கவில்லை, தூக்கியபடியே நின்றார்கள்.

“பயமா அங்கிள்?” டேனியல் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

“ஆமா.”

“எனக்குந்தான். கண்ண மூடிக்குங்க. நான் மூடாம இருந்தா போதும்.”

அந்த நேரம் பார்த்து மல்லிகா அக்கா கதவைத் திறந்தார். அந்த மாடியில் இருப்பவர்.

“என்னடா இது, சாமி ஊர்வலமா?”

“ஆன்டி, உங்க செருப்பு அலமாரி இடிக்குது, ஆன்டி!”

அவரே இரண்டு கையாலும் அலமாரியை வீட்டுக்குள் இழுத்தார். செருப்பெல்லாம் கொட்டியது. “போங்க, போங்க. முருகா, பாத்துக்கப்பா!” என்றார். அவர் அவருடைய சாமியைக் கூப்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு இயேசுவைக் கூப்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது வெயில். கீழே இருந்தேன்! ஏழு பேரும் கை தட்டிக் கூச்சல் போட்டார்கள். மளிகைக் கடையில் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். ஷாலினி, “அப்புறம் கத்தலாம், வேன்ல ஏறுங்க!” என்றாள்.

கிள்ளான் பட்டணத்தில் ஜாம். எல்லா சிவப்பு விளக்கும் எங்களுக்கே விழுந்தது. வேனுக்குள் சத்தமாக ஜெபித்தார்கள். நடுவில் டேனியல் டிரைவரிடம், “லெப்ட் எடு, லெப்ட் எடு, ஆமென், லெப்ட்!” என்றான். மூச்சு முட்டிக்கொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்தது. பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது டயாலிசிஸ் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே இருக்கும் மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி என்னைப் பார்த்ததும் திட்டத் தொடங்கினார். இரண்டு முறை வராமல் எங்கே போனீர்கள் என்று. பின்னால் நின்றவர்களைப் பார்த்து நிறுத்தினார். ஏழு பேர் கையிலும் முகத்திலும் பச்சை. இவ்வளவு பேரும் உங்கள் பிள்ளைகளா என்றார்.

“பெயிண்ட் அடிக்க வந்தவங்க” என்றேன்.

எடை பார்த்தார்கள். ஐந்தரை கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. டாக்டர் ஓடி வந்தார். செவ்வாய் வரை தாங்கியிருக்காது என்று சொன்னார். உடனே மிஷினில் போட்டார்கள். கால் போனபோது நான் அழவில்லை. மிஷினில் படுத்துக்கொண்டு அழுதேன். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பிள்ளைகள் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டு எனக்காக நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

மேலே ஏற்றுவதுதான் கஷ்டம். ஐந்து இடத்தில் நின்றார்கள். வீட்டில் இறக்கி வைத்ததும் ஷாலினி தரையில் உட்கார்ந்து, “செவ்வாய் எத்தனை மணிக்கு அங்கிள்?” என்று கேட்டாள். அவ்வளவுதான். போனில் ஒரு குழு தொடங்கினாள். அதற்கு ‘நாலாம் மாடி’ என்று பெயர்.

ஞாயிறு சபையில் அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஜெபக்குழுப் பெரியவர் அன்றைக்கே படியேறி வந்தார். “ஏன் பிரதர் எங்ககிட்ட சொல்லல?” என்றார். “வெட்கம்” என்றேன். “எங்களுக்குத்தான் வெட்கம். பார்த்துட்டும் கேக்கல” என்றார். மிஸ்ஸி செவ்வாயும் வியாழனும் என் முறையைக் காலை ஆறு மணிக்கு மாற்றிக் கொடுத்தார். வேலைக்குப் போகும் முன் பிள்ளைகள் இறக்குகிறார்கள். திரும்பி ஏற்றுவது ஜெபக்குழுவில் ஓய்வு பெற்றவர்கள். அதிலிருந்து பதினொரு மாதம். ஒரு நாளும் தவறவில்லை.

டயாலிசிஸ் மட்டும் இல்லை. பதினான்கு மாதம் கழித்து ஆராதனைக்குப் போனேன். வாலிபர் குழு ஏழை வீடுகளுக்கு அரிசி, மளிகை கட்டிக் கொடுக்கும்போது இப்போது நானும் போய் உட்கார்ந்து கட்டுகிறேன். போன மாதம் செராஸில் மூன்றாவது மாடியில் ஒரு பாட்டியம்மா. கண் ஆபரேஷனுக்கு இறங்க முடியவில்லை என்று கேள்விப்பட்டு, பிள்ளைகள் தூக்கி இறக்கப் போனார்கள். நானும் வேனில் போனேன். அந்த அம்மா கீழே வந்து வெயிலைப் பார்த்த முகத்தை நான் பார்த்தேன். என் முகமும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

கீழ் வீடு இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கேட்பதை விட்டுவிட்டேன். நான் கேட்டது வீடு. கர்த்தர் அனுப்பியது ஆட்கள்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது என்னைப்போல் மேலே உட்கார்ந்திருந்தால், கர்த்தரிடம் கேளுங்கள். அவர் அனுப்பிய ஆள் உங்கள் ஹாலில் நிற்கும்போது அவனிடமும் வாய் திறந்து கேளுங்கள். ஒரு வருஷம் நான் பாதிதான் ஜெபித்தேன். யாருடைய வீட்டுக்காவது ஜெபிக்கப் படியேறிப் போகிறவர்கள், திரும்பி இறங்கும் முன்பு அந்த வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள். “நீங்கள் கடைசியாகக் கீழே வந்தது எப்போது?”

நாளை செவ்வாய். ஐந்தரைக்கு என்னை இறக்க வருவார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.