இடது கணுக்காலுக்கு மேலே

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் லைனில் நின்றே என் இளமை போயிற்று. ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். ஓ.டி. கிடைத்தால் அதற்குமேலும் நிற்க வேண்டும். குன்றத்தூரில் வாடகை வீடு, மனைவி, அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த மகள். அதனால் ஓ.டி.யை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது கால் மட்டும் கனக்கும். சாக்ஸைக் கழற்றினால் அதன் விளிம்பு சதையில் பள்ளமாகப் பதிந்திருக்கும். கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு புடைத்திருந்தன. கணுக்காலுக்கு மேலே, உட்பக்கத்தில், தோல் மெல்லக் கறுத்து அரிக்கத் தொடங்கியது. நிற்கிற வேலைக்கு இது வருவதுதான் என்றார்கள் லைனில். சிலர் பேண்ட்டைத் தூக்கித் தங்கள் காலையும் காட்டினார்கள்.

ஒருநாள் கழிவுத் தகடு தள்ளிப்போகும் ஸ்கிராப் வண்டியின் விளிம்பு சரியாக அந்த இடத்தில் இடித்தது. நகம் அளவுக்குத்தான் தோல் உரிந்தது. தானாக ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆறவில்லை. மெடிக்கலில் கேட்டு பவுடர் தூவினேன், பிறகு களிம்பு. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தார்கள். இல்லை. வேறொரு கிளினிக்கிலும் அதையே சோதித்தார்கள், அங்கேயும் இல்லை. வாலாஜாபாத்தில் இருக்கும் மச்சான் ஒரு நாட்டு எண்ணெய் வாங்கி வந்தார். அதைப் போட்டதும் புண்ணைச் சுற்றியிருந்த தோலும் வெந்துபோனது. சர்க்கரை இல்லாதவனுக்குப் புண் ஏன் ஆறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தால் புண் சுருங்கும். வேலைக்குப் போனதும் மறுபடி விரியும். காரணம் எங்கள் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது, நாங்கள்தான் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளங்கை அகலத்துக்கு ஆனபோது நீர் வடிந்து பேண்ட்டை நனைத்தது. வாடையும் வந்தது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே கிடந்தது. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானே கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன்.

இப்படியே வருடங்கள் ஓடின. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்து, மேல் வகுப்புக்கும் வந்துவிட்டாள். ஒரு மழைக்காலத்தில் கால் முழங்கால் வரை சிவந்து வீங்கி, காய்ச்சல் கொளுத்தியது. மனைவி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். காய்ச்சல் அடங்கிய பிறகு, அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல் காலை நீட்டிக் கட்டை அவிழ்த்தேன். புண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். பின்னால் குனிந்து, புடைத்த நரம்பைத் தொடையிலிருந்து கணுக்கால் வரை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தார்.

"இத்தனை வருஷத்துல உங்களை நிக்க வெச்சு யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"புண்ணு கீழ இருக்கு, கோளாறு மேல இருக்கு. கீழ எறங்கின ரத்தம் மறுபடி மேல ஏறணும். அது திரும்ப வழியாம இருக்க ரத்தக்குழாய்ல சின்னச் சின்ன கதவு மாதிரி வால்வு இருக்கு. உங்களுக்கு அது சரியா மூடல. ரத்தம் கணுக்கால்லயே தேங்குது. தேங்கின எடத்துல தோல் எப்படி ஆறும்?"

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு கணுக்காலில் பி.பி. பட்டையைச் சுற்றி, சின்னக் கருவி ஒன்றால் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார்கள். காலுக்கு ரத்தம் இறங்கும் குழாயில் அடைப்பு இருந்தால் இறுக்கிக் கட்டக் கூடாதாம், காலே போய்விடுமாம். எனக்கு அடைப்பு இல்லை. நர்ஸம்மா புண்ணைக் கழுவி, பாதத்திலிருந்து முழங்கால் வரை பஞ்சுப் பட்டையும் அதன்மேல் இழுபடும் பட்டையுமாக அடுக்கடுக்காகச் சுற்றினார். வாரா வாரம் வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். படுத்தால் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும், ஒரே இடத்தில் நிற்கத்தான் கூடாது.

கோடை வருவதற்குள் புண் மூடிவிட்டது. கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று, ரோஜா நிறத்தில் மெல்லிய தோலைப் பார்த்துவிட்டு மனைவி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெறும் கட்டுதானேங்க. இதுக்கா இத்தினி வருஷம்?" என்றாள். நர்ஸம்மா பழைய பட்டையைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

புண் மறுபடி வராமலிருக்க, கெட்டுப்போன ரத்தக்குழாயை லேசர் வைத்து மூடினார்கள். இறுக்கமான காலுறையை இனி தினமும் போட வேண்டும் என்றார்கள். வெயில் நாளில் அது பெரிய வதை. சூப்பர்வைசர் என்னை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாகங்களைச் சரிபார்க்கும் மேஜைக்கு மாற்றினார். கணுக்கால் மட்டும் பழையபடி மடங்கவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் இந்த விறைப்பு வந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயிலுக்குப் போனோம். படியில் என் இடப்பக்கம் வந்த மகள், சட்டென்று பின்வாங்கி என்னைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். ஏன் என்று கேட்டேன்.

"இடிச்சிடுவேன்னுதான்பா."

"அதான் ஆறிடுச்சே."

"தெரியும்பா. பழகிடுச்சி."

அவள் தவழ்ந்த நாளிலிருந்தே, என் பக்கம் வந்தாலே மனைவி ஓடிவந்து தூக்கிக்கொள்வாள். அப்பா கால், அப்பா கால் என்பாள். நான் வேலையிலிருந்து வந்தால் குழந்தை எட்டி நின்றே சிரிக்கும். அவள் என் மடியில் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அவள் இப்போது என் தோள் உயரம். அன்றைக்குப் படி முழுக்க என் வலது கையைப் பிடித்துக்கொண்டே ஏறினாள், மடங்காத கணுக்காலோடு நான் தடுமாறி விழுந்துவிடக் கூடாது என்று.